கழுவாத கறி

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் முதலில் பேசும். அந்த வியாழக்கிழமை காலை நான் குண்டானைத் தரையில் வைத்த சத்தத்தில், வாசலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் குணசேகரன் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

“என்னா கொடி?”

“என்னையக் கேளுங்க என்னான்னு! நேத்து ராத்திரி உங்க தங்கச்சிக்கு வச்ச சோறு வச்சது வச்சபடி மாடிப்படியில கெடக்கு. எறும்பு சாப்புட்டு முடிச்சிடுச்சு. அவதான் சாப்புடல.”

அவர் மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போய் வலையில் உட்கார்ந்துகொண்டார்.

தீபா என் நாத்தனார். என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. மாமியாரும் மாமனாரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, வயதுக்கு வந்தபோது உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றியது, எல்லாம் நான்தான். பிளஸ் டூ முடித்ததும் சீனாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனாள். அந்த ஊர்ப் பெயர் இன்றுவரை எனக்குச் சரியாக வராது. நடுவில் கொரோனா வந்து இரண்டு வருடம் இதே மாடியில் போனை வைத்துக்கொண்டு படித்தாள். திரும்பப் போனாள், முடித்தாள், வந்தாள். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டுமாம். மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் போய்விட்டது.

நாலாவது தடவைக்கு மனுப் போட அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள்.

மாசி மாதம் மூன்றாவது ரிசல்ட் வந்ததிலிருந்தே பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சித்திரை பிறந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் யாரும் கண்ணில் படாத நேரம் பார்த்து வந்து குளித்துவிட்டுப் போய்விடுவாள். இருபத்தாறு வயதுப் பெண்ணின் கை முருங்கைக்காய் கணக்காக ஆகிவிட்டது. எனக்குள் ஒரு பயம் இருந்தது. வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்று அதை யாரிடமும் சொல்லவில்லை. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால்கூடக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது, இவரும் வீட்டிலேயே கிடந்தார். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாடி ஏறுவார். மூடிய கதவுக்கு முன்னால் நின்று, “தீபாம்மா, ஞாயித்துக்கெழமதான் கடைசி. மனுப் போடப் புகழேந்திய வரச் சொல்லியிருக்கேன். எழுதிடுவோம்மா” என்பார். உள்ளேயிருந்து, “சரிண்ணே” என்று குரல் வரும். இவர் இறங்கி வந்துவிடுவார். ஐயே, இப்படி ஓர் அண்ணனும் தங்கச்சியும்! நடுவில் ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ‘சரி’, இந்தப் பக்கம் ஒரு ‘எழுதிடுவோம்’.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? என் கதையையும் சொல்லிவிட வேண்டும். நான் ஏலத்தில் மீன் எடுத்துக் காரைக்கால் மார்க்கெட்டில் வைத்து விற்கிறவள். அங்கே என்னைப் பூங்கொடி என்று கூப்பிட்டு வருடக்கணக்கு ஆகிறது. ‘டாக்டரூட்டு அண்ணி’ என்பதுதான் பெயர். வாங்க வருகிற டீச்சர்கள்கூட, “உங்க நாத்தனார் எப்பங்க கிளினிக் போடறாங்க?” என்று கேட்பார்கள். “வர்ற தையில” என்பேன். மூன்று தையாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வியாழக்கிழமை எறும்பு மொய்த்த சோற்றைக் கொட்டும்போதுதான் அந்த போட்டோ ஞாபகம் வந்தது. சீனாவிலிருந்து அவள் அனுப்பியது. விடுதி வாசலில் ஒரு தள்ளுவண்டி, வண்டிக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய ஒரு குண்டு அம்மா, பக்கத்தில் தீபா. கையில் வட்டமாக, தட்டையாக, பொன்னிறமாக ஒரு ரொட்டி. அதைக் கடித்துக்கொண்டே கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். அது என்னடி என்று கேட்டதற்கு, “கறி வச்ச ரொட்டி அண்ணி, ஷியென்பிங்னு பேரு. எனக்குன்னு ஆட்டுக்கறி வச்சுத் தனியா போட்டுக் குடுப்பாங்க” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற தீபா வேறு எந்த போட்டோவிலும் இல்லை.

சரி, அதைச் செய்து கொடுத்துவிடுவோம். இறால் வடை, சுறாப்புட்டு, கோலா உருண்டை என்று என் கைக்கு வராத பண்டம் உண்டா? போனில் தேடினேன். ஒரு சீனாக்காரி செய்து காட்டினாள். பேச்சு புரியாவிட்டால் என்ன, கை செய்வது தெரிகிறதே என்று பார்த்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

அவள் கொத்துக்கறியை எடுத்தாள், சாமான் சேர்த்தாள், மாவுக்குள் வைத்து மூடினாள், தோசைக்கல் மாதிரி ஒன்றில் போட்டாள். கறியைக் கழுவியதைக் காட்டவில்லை. அதையெல்லாமா காட்டிக்கொண்டிருப்பார்கள், கழுவித்தான் வைத்திருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பச்சைக்கறியை அப்படியே உள்ளே வைத்ததைப் பார்த்தபோது மட்டும் எனக்குக் குமட்டியது. அவர்களுக்குப் பழக்கம், செய்வார்கள்; நாம் ஏன் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அஜ்மீர் பாய் கறிக்கடையில் போய் நின்றேன்.

“அரைக் கிலோ கொத்துக்கறி போடுங்க பாய். கொழுப்பு ஒரு பொட்டு இருக்கக்கூடாது.”

“கோலாவுக்காம்மா?”

“இல்ல. சீனா ரொட்டிக்கு.”

“டாக்டரம்மாவுக்கா?” பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப கொஞ்சம் கொழுப்பு சேத்துக் கொத்துறேம்மா. இல்லன்னா சக்கையாப் போயிடும்.”

“உங்க கறிய நீங்க வெட்டுங்க, என் ரொட்டிய நான் சுடுறேன்” என்றேன். எனக்கு வாய் அப்படி. பாய் பாவம், கொழுப்பையெல்லாம் தனியாக எடுத்து வீசிவிட்டுக் கொத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வடிதட்டில் கறியைக் கொட்டிக் கழுவினேன். எங்கள் கரையில் பிறந்தவளுக்குக் கழுவாத கவுச்சி உள்ளே போகாது. மீனென்றால் கல்லுப்புப் போட்டு உரசி நாலு தண்ணீர். கறியென்றால் மஞ்சள் போட்டு ஏழு தண்ணீர். தண்ணீர் தெளிகிற வரைக்கும் விட மாட்டேன். கொத்துக்கறியாக இருந்ததால் பாதி வடிதட்டு ஓட்டை வழியாகவே போனது.

“கறிய வாங்கிட்டு வந்து சாக்கடைக்கா படைக்கிற?” என்று இவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சுத்தம் தெரியாதவங்கல்லாம் தள்ளி நில்லுங்க.”

பிறகு இஞ்சி, பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை போட்டுச் சுருள வதக்கினேன். மைதாவைப் பூரிக்குப் பிசைவதுபோல் கெட்டியாகப் பிசைந்தேன். உள்ளே வைத்து மூடித் தட்டி, எண்ணெய் விட்டுச் சுட்டேன். பார்க்க அச்சு அசல் போட்டோவில் இருந்ததுபோலவே வந்தது. இவர் ஒன்றைத் தின்றுவிட்டு, “சமோசா மாதிரி நல்லாத்தான் இருக்கு” என்றார்.

நாலு ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு மாடி ஏறிக் கதவை இடித்தேன். இவர் மாதிரி மெல்லத் தட்டவில்லை.

“தீபா, தொற. கையி சுடுது.”

திறந்தாள். ஜன்னல் மூடி, உள்ளே புழுங்கியது. மேஜையில் அவளுடைய தடித்தடிப் புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன. தட்டைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. என் வயிறு குளிர்ந்துபோனது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பிறகு மீதியைத் தட்டில் வைத்துவிட்டு, “நல்லாருக்கு அண்ணி. தேங்க்ஸ்” என்றாள்.

தேங்க்ஸாம்! எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

“தேங்க்ஸா? யாருக்குடி தேங்க்ஸு சொல்ற? ஒரு வாய் தின்னுட்டுக் கீழ வைக்கிற, நல்லாருக்குங்கற. நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்லித் தொலையேன்! எழுதிடுவோம்னு உங்கண்ணன் வந்தா அதுக்கும் சரி. சாப்புடுன்னா அதுக்கும் சரி. ஒண்ணையாவது வேணாம்னு சொல்லேன்டி, நான் கேட்டுட்டுப் போறேன்!”

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நல்லால்ல அண்ணி” என்றாள்.

“என்னாது?”

“நல்லாவே இல்ல. மரத்தூள மெல்லுற மாதிரி இருக்கு. கறிய கழுவுனீங்களா?”

“பின்ன? கழுவாமயா வைப்பாங்க?”

“வதக்குனீங்களா?”

“பின்ன பச்சையாவா வைப்பாங்க?”

“பச்சையாத்தான் வைப்பாங்க. கழுவாமத்தான் வைப்பாங்க.” மூக்கை உறிஞ்சினாள். “முழுக்கறியா வாங்கி, வேணும்னா ஒரு தடவ அலசித் தொடச்சுட்டு, அப்பறம்தான் கொத்துவாங்க. கொத்துன கறிய கழுவுனா எல்லாச் சாறும் போயிடும் அண்ணி. அது உள்ளயே வெந்து, உள்ளயே சாறு விடணும். கடிச்சா வாயெல்லாம் ஒழுகணும்.”

“சீ! நெனைக்கவே குமட்டுது.”

அதற்கு அவள் சிரித்தாள். சிரிப்பு என்று பெரிதாகச் சொல்ல முடியாது, உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை.

“சரி, நீயே வந்து செஞ்சு காட்டு. நாளைக்கே செய்வோம்” என்றேன்.

“நாளைக்கி வெள்ளிக்கெழம.”

வெள்ளியும் சனியும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. வெள்ளி அம்மனுக்கு, சனி திருநள்ளாற்றுக்காரருக்கு. அந்த வழக்கத்தை எதற்காகவும் விட்டதில்லை.

“அப்ப ஞாயித்துக்கெழம” என்றேன். சொன்ன பிறகுதான் அது என்ன நாள் என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஆனால் அன்றைக்குக் கதவைத் தாழ் போடவில்லை. நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே தலையைச் சீவிக்கொண்டு, சுடிதார் போட்டுக்கொண்டு, “கடைக்கு நானும் வர்றேன். நீங்க வாங்குனா திரும்பவும் கொழுப்ப எடுக்கச் சொல்லுவீங்க” என்று வந்து நின்றாள். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன்.

அஜ்மீர் பாய் அவளைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“வாங்க டாக்டரம்மா! எவ்வளவு நாளாச்சு பாத்து. நல்ல வேள வந்தீங்க. என் வீட்டுக்காரி ஷஃபீனாவுக்கு ஒரு வாரமா கால் வீங்குது. அமுக்குனா குழி விழுது. என்ன மாத்திர குடுக்கலாம்மா?”

கடை முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முதுகு வழக்கம்போல நிமிர்ந்தது. அப்போதுதான் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தேன்.

“மாத்திர வாங்கிக் குடுக்காதீங்க பாய்” என்றாள் மெதுவாக. “நான் டாக்டர் இல்ல. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, காட்டிடுங்க.”

“அதெல்லாம் தன்னடக்கம்!” என்று பாய் சிரித்துக்கொண்டே நல்ல தொடைக்கறியாகப் பார்த்து அரைக் கிலோ, கொழுப்பும் கொஞ்சம் சேர்த்து, அவள் சொன்னபடியே அலசித் துடைத்துவிட்டுக் கொத்திக் கொடுத்தார். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் தீபா என் இடுப்பை இறுகப் பிடித்திருந்தாள்.

அடுப்படியில் நான் பழக்கதோஷத்தில் வடிதட்டை எடுத்தேன். அவள் பிடுங்கி மேல் பலகையில் வைத்துவிட்டாள்.

வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மைதாவைப் பிசைந்தாள். கையில் ஒட்டுகிற அளவுக்கு இளக்கமாக இருந்தது. இதை எப்படித் தட்டுவது என்று கேட்டதற்கு, எண்ணெய் தடவி மூடி வைத்து, அரை மணி நேரம் பொறுங்கள் என்றாள். கறியில் பொடியாக நறுக்கிய இஞ்சி, உப்பு, மிளகுத்தூள், சோயா சாஸ் போட்டாள். மிளகு போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கிளறினாள்.

“கழுவக்கூடாது, ஆனா தண்ணி மட்டும் ஊத்தலாமாக்கும்?”

“இது உள்ள போற தண்ணி அண்ணி. பாருங்க, குடிச்சிடுது.”

நிஜமாகவே கறி அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டுப் பசை மாதிரி பளபளத்தது. வெங்காயத்தாளை அரிந்து கடைசியில் சேர்த்து நல்லெண்ணெய் விட்டாள். அவள் கை ஓடிய வேகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். மாவு உருண்டையை உள்ளங்கையில் விரித்து, பச்சைக்கறியை வைத்து, மோதகத்துக்குப் பிடிப்பதுபோல மடிப்பு மடிப்பாக இழுத்து மூடி, கவிழ்த்து, விரலால் தட்டையாக்கினாள். நான் ஒன்று செய்வதற்குள் அவள் ஐந்து செய்துவிட்டாள்.

“இது ஒரு நாள்ல வந்த கையில்லையே. யாருடி கத்துக் குடுத்தா?”

“லியூ அக்கா. அந்த வண்டி வச்சிருந்தவங்க. தெனமும் போயி மாவு பெசஞ்சு குடுப்பேன்.”

“காலேஜு?”

இன்னொரு உருண்டையை எடுத்தாள்.

“கடைசி வருசம் எங்கள வார்டுல விட்டாங்க அண்ணி” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “பாடமெல்லாம் இங்கிலீஷ்ல படிச்சோம். படுத்திருந்தவங்க அவங்க ஊர்ப் பேச்சு பேசுனாங்க. நான் கத்துக்கிட்ட சீனம் மாவுக்கும் உப்புக்கும்தான் பத்தும். ஒரு நாளு வயசான ஒருத்தரு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. என்னமோ சொல்றாரு, திரும்பத் திரும்பச் சொல்றாரு, அழுவுறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. யாரையாவது கூப்புட்டுருக்கணும். கூட நின்னவங்க முன்னாடி வெக்கமா இருந்துச்சு. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். மறுநாளு போனா அந்தக் கட்டில் காலியா இருந்துச்சு.”

நான் கையிலிருந்த மாவை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

“நான் கூப்புட்டுருந்தாலும் அவரு போயிருப்பாரோ என்னமோ. தெரியல. ஆனா அன்னிலேர்ந்து வார்டுல எல்லாருக்கும் பொறத்தால போயி நிப்பேன், கையெழுத்துப் போடுவேன், லியூ அக்கா வண்டிக்குப் போயிடுவேன். இங்க வந்து புஸ்தகத்தத் தொறந்தா அவரு கைதான் தெரியுது. மூணு தடவையும் அப்படித்தான் போச்சு. எனக்கு வேணாம் அண்ணி. நாலாவது தடவ பாஸாயிட்டாலும் எனக்கு வேணாம். அண்ணன்கிட்ட இத எப்படிச் சொல்றது?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மார்க்கெட்டுதான். நாளைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே உட்காருவேன் என்று ஓடியது மனசு. அதற்குப் பிறகுதான் எதிரில் நின்ற பெண்ணின் எலும்பு துருத்திய தோள் தெரிந்தது. ச்சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

“நான் சொல்றேன்” என்றேன்.

“வேணாம். அண்ணன் ஒடஞ்சிடும். இதுக்காகத்தான கடல்ல கெடந்துச்சு இத்தன வருசமும்.”

தோசைக்கல் காய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டு நாலு நாலாகப் போட்டு மூடி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே கறி வேகிற வாசம் வந்தது. மசாலா வாசம் இல்லை, மிளகும் வெங்காயத்தாளும் கறியும் மட்டும் கலந்த வாசம். வாசலில் இருந்தவர் தானாக எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

“கடிச்சு உறிஞ்சிட்டுச் சாப்புடுண்ணே, சுடும்” என்று தீபா சொல்லி முடிப்பதற்குள் பெரிதாக ஒரு கடி கடித்துவிட்டார். சாறு பீச்சியடித்து மோவாய் வழியாகச் சட்டையில் இறங்கியது. “ஆ, ஊ” என்று குதித்தார். ஆனால் கீழே வைக்கவில்லை.

“கொடி! நீ அன்னிக்கிச் செஞ்சது என்னா, இது என்னா!”

“தின்னுங்க, தின்னுட்டுப் பேசுங்க” என்று நானும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒன்றைக் கடித்தேன். அடி ஆத்தி! கழுவாத கறியில் இவ்வளவு ருசியா?

அந்த நேரம் பார்த்துப் புகழேந்தி லேப்டாப் பையோடு வந்தார். இவருக்குப் பங்காளி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறவர். இவருக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் கையிலும் ஒரு ரொட்டியைத் திணித்தார்.

“தங்கச்சி கீழ எறங்கி வந்துடுச்சு புகழு. இனிமே என்ன, போட்டுடு மனுவ. இந்தத் தடவ அடிச்சிடும்.”

புகழேந்தி ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டே தட்டினார். பேர், ஊர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் பழைய கணக்கிலேயே இருந்தன. “தீபா, ஓடிபி வரும், சொல்லும்மா” என்றார்.

அவள் போன் சிணுங்கியது. எடுத்தாள், பார்த்தாள். மாவு ஒட்டிய விரலால் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“சொல்லும்மா, பத்து நிமிசம்தான் செல்லும்” என்றார் புகழேந்தி.

இவர் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவின் உதடு ‘சரிண்ணே’ என்று சொல்லத் தயாராவது எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு மாடி ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

“அவ எழுத மாட்டா” என்றேன்.

“நீ சும்மா இரு கொடி.”

“நான் சும்மா இருக்க மாட்டேன். இத்தன நாளு சும்மா இருந்ததே தப்பு. அவளுக்கு வேணாம். விட்டுடுங்க அவள.”

“ஏய், அவ சொன்னாளா ஒங்கிட்ட? நீ யாருடி நடுவுல…”

“வேணாம்ணே” என்றாள் தீபா.

அவ்வளவு சின்னக் குரலில்தான் சொன்னாள். தோசைக்கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருந்தது. இவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“எனக்கு வேணாம்ணே. என்னால முடியல. நீ கடல்ல கெடந்தது, அண்ணி மார்க்கெட்ல கெடந்தது எல்லாம் தெரியும். ஆனா என்னால முடியலண்ணே.”

கத்தப்போகிறார் என்று நினைத்து நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். இவர் கத்தவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டாவது தடவ போனப்பவே எனக்குத் தெரியும்மா” என்றார். “உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. போதும், விட்டுடுன்னு சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் மாடி ஏறுனேன். சொன்னா, அண்ணனே என்னைய நம்பல, கைவிட்டுட்டான்னு நெனச்சு நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு பயந்தேன். அதான் வாசல்ல நின்னு, எழுது எழுதுன்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன்.”

தீபா அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “நீ வேணாம்னு சொல்லிட மாட்டியான்னுதாண்ணே நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருப்பேன்” என்றாள். “தெனமும் நீ ஏறி வர்ற சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வந்து நிப்பேன்.”

இவர் எண்ணெய்க் கையாலேயே அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் சத்தம் போட்டு அழுதாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டு அழுத அழுகை அது. நானும் அழுதேன். அழுதுகொண்டே அடுப்பை அணைத்தேன்.

புகழேந்தி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். “அண்ணே, அப்ப மூடிடவா?” என்றார்.

“மூடு” என்றார் இவர்.

மூடிப் பையில் போட்டார். மனுஷனுக்கு நல்ல வார்த்தை ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“அண்ணி, நான் ஒண்ணு சொல்லவா? இந்த ரொட்டிய பீச் ரோட்டுல ஒரு கடையாப் போட்டோம்னா, அடுத்த மாசமே தீபா…”

“புகழேந்தி!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பை கீழே விழுந்தது. “அவள ஒண்ணும் ஆக்க வேணாம் இப்ப. வாய மூடிக்கிட்டு அந்தத் தட்ட இப்படித் தள்ளு. முதல்ல அவ சாப்புடட்டும்.”

தள்ளினார். தீபா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.